ஒரே தெரு, ஒரே துடைப்பம், மூன்று சம்பளம்

2024 பிப்ரவரி கடைசியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மாநகராட்சித் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குப்பை எடுப்பது தடைபட்டது, குழாய்ப் பழுது பார்ப்பது தள்ளிப்போனது. டர்பனை நிர்வகிக்கும் இதெக்வினி மாநகராட்சி நீதிமன்றத்துக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கியது. வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்று அறிவித்தது. இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் ஆட்கள் கூடிய இடத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒரே பேச்சுதான்: "வேலை இருக்கிறதே, அதற்கே சாமிக்குத் தேங்காய் உடைக்கணும். இன்னும் என்ன வேண்டுமாம் இவர்களுக்கு?"

அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. உழைக்கும் வயதில் வேலை தேடுபவர்களில் மூன்றில் ஒருவருக்கு வேலை கிடைக்காத நாடு இது. வீட்டு வரி, மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் மூன்றும் வருஷா வருஷம் ஜூலை மாதம் ஏறுகின்றன. கட்டுகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் "இவர்களுக்கு" என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல். மாநகராட்சியின் வேலையைச் செய்கிறவர்கள் எல்லோரும் மாநகராட்சியின் சம்பளத்தை வாங்குவதில்லை. செய்தியில் வருகிற சம்பள உயர்வுச் சதவீதச் சண்டை ஒரு பிரிவினருடையது. அந்தச் சண்டைக்குள் நுழையவே முடியாத ஆட்கள் அதே தெருவில் பெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டைத் தெரிந்தவர்களுக்கு சனிக்கிழமை மாலை அந்தத் தெரு எப்படிக் கிடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கறிவேப்பிலைக் காம்பு, கோஸ் இலை, மடும்பிக் கிழங்கின் மண், கோழி இறகு, கிழிந்த பிளாஸ்டிக் பை. கடைக்காரர்கள் மிச்சத்தைப் பக்கி என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு யாரோ ஒருவர் அதையெல்லாம் கூட்டி அள்ள வேண்டும். டர்பனில் இப்படி ஒரு தெருவைக் கூட்ட வருபவர் மூன்று விதமானவராக இருக்கலாம்.

ஒருவர் பெர்மனென்ட். அவருடைய சம்பளச் சீட்டு நீளமானது. மேலே அடிப்படைச் சம்பளம், அதன் கீழே வீட்டு உதவித்தொகை, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இரட்டைக் கூலி, ஓவர்டைம். பிடித்தம் பக்கத்தில் பென்ஷன், மெடிக்கல் எய்ட், யூஐஎஃப் என்கிற வேலையிழப்புக் காப்பீடு, வரி, யூனியன் சந்தா, ஃபியூனரல் பாலிசி. கையில் வருவது குறைவுதான் என்று அவர் புலம்புவார். ஆனால் அந்தப் பிடித்தங்களில் பாதி அவருடைய வருங்காலத்துக்குப் போகிறது, அதோடு நிர்வாகமும் தன் பங்கைப் போடுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை பதின்மூன்றாவது சம்பளம் உண்டு. மூன்று ஆண்டுக்கு 80 நாள் நோய்விடுப்பு உண்டு.

இரண்டாமவர் கான்ட்ராக்டரின் ஆள். மாநகராட்சி டெண்டர் விட்டு, ஒரு நிறுவனம் அதை எடுத்து, அந்த நிறுவனம் அவரை வைத்திருக்கிறது. அவருக்குப் பெரும்பாலும் தேசியக் குறைந்தபட்ச ஊதியம், அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே. டெண்டர் கைமாறினால் வேலை நிச்சயமில்லை.

மூன்றாமவர் இபிடபிள்யூபி, அதாவது விரிவாக்கப்பட்ட பொதுப்பணித் திட்டத்தில் வந்தவர். 2004ல் தொடங்கிய திட்டம். வேலையில்லாதவர்களுக்குக் கொஞ்ச காலம் வேலையும் பயிற்சியும் கொடுத்து, அதை ஏணியாக வைத்து அவர்கள் நிரந்தர வேலைக்கு ஏறிப்போக வேண்டும் என்பது நோக்கம். அரசுக் காகிதங்களில் அவரைத் தொழிலாளி என்றுகூட எழுதுவது அபூர்வம், பங்கேற்பாளர் என்பார்கள். அவருக்குக் கொடுப்பது உதவித்தொகை. நீளமான சீட்டு எல்லாம் இல்லை, மாதக் கடைசியில் கைபேசிக்கு வங்கியிலிருந்து ஒரு வரிச் செய்தி வரும். நோய்விடுப்பு, ஒரு முழு மாதம் வேலை செய்தால் ஒரு நாள்.

சரி, கணக்கைப் பார்ப்போம். 2025 மார்ச் 1ல் தொடங்கிய ஆண்டில் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. எட்டு மணி நேரத்துக்கு 230.32. மாதம் 22 நாள் வேலை என்றால் 5,067 ராண்ட். அதே சட்டம் இபிடபிள்யூபி ஆட்களுக்குத் தனி விகிதம் வைத்திருக்கிறது: அந்த ஆண்டில் மணிக்கு 15.83. நாளுக்கு 126.64, மாதத்துக்கு 2,786 ராண்ட்.

அரசாங்கமே போட்ட தரைக்குக் கீழே அரசாங்கமே ஒரு பள்ளம் தோண்டி வைத்திருக்கிறது.

இது எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 2018ல் நிறைவேறி 2019 ஜனவரி 1ல் அமலுக்கு வந்தபோது பொது விகிதம் 20 ராண்ட். மூன்று பிரிவினருக்குக் குறைவு: தோட்டம் துரவில் வேலை செய்பவர்களுக்கு 18, வீட்டு வேலை செய்பவர்களுக்கு 15, இபிடபிள்யூபிக்கு 11. படிப்படியாக மேலே கொண்டுவருவோம் என்ற பேச்சு இருந்தது. சொன்னபடியே விவசாயத் தொழிலாளர்களை 2021லும் வீட்டு வேலைக்காரர்களை 2022லும் பொது விகிதத்துக்குச் சமமாக்கினார்கள். இபிடபிள்யூபி அன்று நூற்றுக்கு 55ல் இருந்தது. 2025லும் நூற்றுக்கு 55தான். விவசாயிகளையும் சாதாரண வீட்டுக்காரர்களையும் முழுக் கூலி கொடு என்று கட்டாயப்படுத்திய அரசு, தன்னை மட்டும் விட்டுவிட்டது. வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்கு நாம் சட்டப்படி கொடுக்க வேண்டிய மணிக்கூலி, தெரு பெருக்குகிற இபிடபிள்யூபி ஆளுக்கு மாநகராட்சி கொடுக்க வேண்டியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் முதலில் நம்ப மறுக்கிறார்கள்.

பாதுகாப்பிலும் ஓட்டை இருக்கிறது. 2014ல் திருத்தப்பட்டு 2015ல் அமலுக்கு வந்த தொழிலாளர் உறவுச் சட்டம், குறைந்த சம்பளக்காரர்களைத் தகுந்த காரணம் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் தற்காலிகமாக வைத்திருந்தால் அவர்களை நிரந்தரமானவர்களாகக் கருத வேண்டும் என்கிறது. தகுந்த காரணங்கள் என்று ஒரு பட்டியலும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒன்று, அரசின் பொதுப்பணித் திட்டம். ஆகவே மூன்று மாத விதி இவர்களிடம் செல்லாது. ஒப்பந்தம் முடியும், புதுப்பிக்கப்படும், திரும்பவும் முடியும்.

மன்றத்தில் நடக்கும் பேரம்

பெர்மனென்ட் ஆட்களின் சம்பளம் எப்படி முடிவாகிறது? தென்னாப்பிரிக்காவில் 257 உள்ளாட்சிகள் இருக்கின்றன, அவற்றில் எட்டு மெட்ரோ, அதாவது பெருநகர மாநகராட்சி. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேரம் பேசுவதில்லை. ஆசிரியர், செவிலியர், போலீஸ் எல்லாம் வரும் அரசு ஊழியர் மன்றம் வேறு. உள்ளாட்சிக்கு என்று தனிப் பேரப் பேச்சு மன்றம் இருக்கிறது. நிர்வாகத் தரப்பில் சால்கா என்ற உள்ளாட்சிகளின் சங்கம் உட்காரும். தொழிலாளர் தரப்பில் சாம்வு, இமாட்டு என்று இரண்டு யூனியன்கள். சாம்வு 1987ல் உருவானது, கொசாட்டு கூட்டமைப்பைச் சேர்ந்தது. இமாட்டு 1996ல் வந்தது, அலுவலக ஊழியர்களிடம் செல்வாக்கு அதிகம்.

அங்கே முடிவாவது பெரும்பாலும் ஒரு சதவீதம். 2021ல் போட்ட மூன்று ஆண்டு ஒப்பந்தம் முதல் வருஷத்துக்கு 3.5 சதவீதம் வைத்தது; விலைவாசிக் கணிப்பைப் பொறுத்து அடுத்த வருஷம் 4.9, அதற்கடுத்து 5.4 சதவீதம் ஆனது. 2024ல் ஐந்து ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள், 2029 ஜூன் வரை. அமைதி கிடைக்கும், பட்ஜெட் போட வசதி என்று நிர்வாகத்துக்கு மகிழ்ச்சி.

சதவீதத்தில் ஒரு விஷயம் மறைந்திருக்கிறது. 12,000 ராண்ட் வாங்குபவருக்கும் 80,000 வாங்கும் அதிகாரிக்கும் ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏற்றினால் முதல் வருஷம் ஒருவருக்கு 600, மற்றவருக்கு 4,000. ஐந்து வருஷம் இப்படியே போனால் ஒருவர் 15,315ல் நிற்பார், மற்றவர் 1,02,103ல். இடைவெளி 68,000ல் தொடங்கி 86,000ஐத் தாண்டிவிடும். எல்லோருக்கும் சமமாக ஏற்றியதாகத்தான் காகிதத்தில் இருக்கும். இது யூனியன்களுக்குத் தெரியாததல்ல. 2021ல் அவர்கள் முதலில் கேட்டது சதவீதம் அல்ல, எல்லோருக்கும் ஒரே மாதிரி 4,000 ராண்ட் உயர்வு. கூடவே 15,000 ராண்ட் குறைந்தபட்சச் சம்பளம். பேச்சு முடிந்தபோது சதவீதம்தான் மிஞ்சியது. தொகையாகக் கொடுப்பது கீழே இருப்பவருக்கு லாபம், ஆனால் மேஜையின் இரண்டு பக்கமும் மேல்படியில் இருப்பவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

டர்பனின் 2024 சண்டைக்குக் காரணம் இன்னொரு அடுக்கு. உள்ளாட்சி வேலைகளை டாஸ்க் என்ற முறையில் மதிப்பிட்டுத் தரம் போடுகிறார்கள்: எவ்வளவு திறமை வேண்டும், எவ்வளவு பொறுப்பு, எவ்வளவு சிக்கல் என்று. அப்புறம் உள்ளாட்சிகளையே பத்து வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு சம்பளக் கோடு போட்டிருக்கிறார்கள். 2010ல் வந்த ஏற்பாடு இது. ஒரே தரத்து வேலை என்றாலும் உள்ளாட்சி எந்த வகையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சம்பளம் மாறும். சின்ன ஊரும் பெரிய நகரமும் ஒன்றல்ல என்ற அளவில் சரிதான். ஜோகன்னஸ்பர்க், எக்கூர்ஹுலேனி போன்ற மெட்ரோக்களில் அதே வேலைக்குக் கிடைப்பது எங்களுக்கு ஏன் இல்லை என்பதுதான் டர்பன் தொழிலாளர்கள் கேட்டது. கேள்வி நியாயமானது. லாரியைக் குறுக்கே நிறுத்தியதும் குப்பையைக் கொட்டியதும் வேறு விஷயம். அதற்குப் பிறகு கேள்வியை யாரும் காதில் வாங்கவில்லை.

நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள்

சாட்ஸ்வொர்த்தில் "கார்ப்பரேஷன் வேலை" என்று சொல்லும்போது வயதானவர்கள் குரலில் ஒரு மரியாதை இருக்கும். அது சும்மா வந்ததல்ல.

1860 நவம்பர் 16ல் ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பனுக்கு வந்தது முதல், ஒப்பந்தக் கூலியாக வந்த ஆணுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் வருஷம் 14. கூடவே அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு என்று ரேஷன். எல்லோரும் கரும்புக் காட்டுக்குப் போகவில்லை. டர்பன் நகரசபையும் ஆள் எடுத்தது. தெரு கூட்ட, குப்பை அள்ள, மலம் அள்ளும் வாளி சுமக்க, சாலை போட. அவர்களைக் குடிவைக்க 1880களில் கட்டப்பட்டதுதான் மேகஸின் பாரக்ஸ், சோம்ட்சு ரோட்டுப் பக்கம். பட்டாளத்தின் வெடிமருந்துக் கிடங்கு அருகே இருந்ததால் அந்தப் பெயர். குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர், அடுத்து தெலுங்கர்.

நெருக்கடியான இடம். ஓர் அறைக்குள் ஒரு குடும்பம், சில நேரம் அதற்கும் மேலே. பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். ஆனால் அங்கேதான் கூத்து நடந்தது; டர்பனில் அதற்கு சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பெயர். காவடி எடுத்தார்கள், கால்பந்து ஆடினார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பழைய நினைவுகளை இன்று இனிப்பாகப் பேசுகிறோம். பேசாமல் விடுகிற ஒன்று உண்டு: வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால், புருஷன் செத்தால், வயதாகி ஓய்வு பெற்றால் அறையைக் காலி செய்ய வேண்டும். சம்பளம் குறைவு என்று கேட்க வாய் திறப்பவன் தன் சம்பளத்தை மட்டும் பணயம் வைக்கவில்லை, பிள்ளைகள் படுத்திருக்கிற கூரையையும் சேர்த்து வைத்தான்.

1960களில், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி பாரக்ஸைக் காலி செய்து மக்களைச் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். வேலை நகரத்தில், வீடு ஊருக்கு வெளியே. முன்பு நடந்து வேலைக்குப் போனவர் அன்றிலிருந்து சம்பளத்தில் ஒரு பங்கைப் பஸ்ஸுக்குக் கொடுத்தார். சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது போக்குவரத்தை விட்டுவிட்டுப் பேசினால் கணக்குத் தப்பும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. இன்றும் அதே கதைதான், இடம் மாறியிருக்கிறது. உம்லாசியிலிருந்தோ இனாண்டாவிலிருந்தோ இரண்டு டாக்ஸி (பலர் சேர்ந்து போகும் வேன்) மாறி விடியும் முன் துடைப்பத்தோடு நிற்கிறவரைப் பார்த்தால் தெரியும்.

நிறவெறிக் காலத்தில் வெள்ளையருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு ஒன்று, ஆப்பிரிக்கருக்கு இன்னும் குறைந்த ஒன்று. நம் ஆட்கள் நடுவில் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டாம். 1973ல் டர்பன் வேலைநிறுத்த அலை வந்தபோது அது நன்றாகவே தெரிந்தது. ஜனவரி 9ம் தேதி கொரொனேஷன் செங்கல் சூளையில் தொடங்கியது. வாரத்துக்கு ஒன்பது ராண்டுக்கும் குறைவான கூலி. பிப்ரவரி முதல் வாரத்தில் அது மாநகராட்சிக்குள் வந்தது. ஏறக்குறைய 16,000 மாநகராட்சித் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள். யூனியன் வைக்கவே அவர்களுக்குச் சட்டப்படி அங்கீகாரம் இல்லாத காலம் அது. இன்றைக்கு இருக்கிற யூனியன் இயக்கம் அந்த வாரங்களிலிருந்துதான் எழுந்தது என்று வரலாறு எழுதுகிறவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

பாரக்ஸில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணக்கராக, மின்வாரிய டெக்னிஷியனாக, தீயணைப்பு அதிகாரியாக இருக்கிறார்கள். சம்பள உயர்வு மட்டும் அவர்களை அங்கே ஏற்றிவிடவில்லை என்பது என் கணிப்பு. தாத்தா பெர்மனென்ட் ஆனார். மாதம் தவறாமல் சம்பளம் வந்தது, பென்ஷன் வந்தது. அதை நம்பிக் கடன் கொடுத்தார்கள், அதை நம்பிப் பிள்ளையைப் படிக்க வைத்தார்கள். இன்று அந்த இடத்தில் நிற்கும் இபிடபிள்யூபி ஆளை நம்பி ஒரு கடைக்காரர் ஃபர்னிச்சர்கூடத் தவணைக்குக் கொடுக்கமாட்டார். ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது என்றால் ஜனவரியில் பள்ளிச் சீருடைக்கு என்ன செய்வது என்று யாருக்குத் தெரியும்?

எவ்வளவு இருந்தால் போதும்

குறைந்தபட்ச ஊதியம் என்பது சட்டம் போட்ட தரை. வாழ்வூதியம் என்பது வேறு: ஓர் ஆள் முறையான வேலைநேரத்துக்குள் சம்பாதிப்பது அவர் குடும்பம் கௌரவமாக வாழப் போதுமானதாக இருக்க வேண்டும். சாப்பாடு, வீடு, பள்ளி, மருத்துவம், போக்குவரத்து, திடீர்ச் செலவுக்குக் கொஞ்சம். உலகத் தொழிலாளர் அமைப்பின் 1919 சாசனத்தின் முகவுரையிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஆனால் அரசுகள், முதலாளிகள், யூனியன்கள் மூவரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட விளக்கம் 2024ல்தான் அங்கே வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இந்த நாட்டில் அளவிடும் முயற்சி பழையது. 1940களில் கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் பேட்சன் வறுமைக்கோடு ஒன்றை வகுத்தார். அவர் கணக்கில் வெறும் உணவு, உடை, எரிபொருள், துப்புரவுப் பொருள், வாடகை, வேலைக்குப் போய்வரச் செலவு, அவ்வளவுதான். பஸ்ஸில் கோயிலுக்குப் போகக் காசு கிடையாது. பிள்ளைக்கு ஒரு மிட்டாய், ஒரு பத்திரிகை, ஒரு தபால்தலை எதற்கும் இடமில்லை. இது மனிதத்தன்மையுள்ள வாழ்க்கைக்கான அளவு அல்ல என்று அவரே சொன்னார்; உண்மையில் வாழ அதோடு பாதி சேர்க்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் முதலாளிகள் அந்தக் கோட்டைக் கூரையாக வைத்துக்கொண்டார்கள், 1973ல் டர்பன் தொழிலாளர்கள் பலர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள்.

இன்று மாதம் தவறாமல் கணக்குப் போடுவது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் ஒரு பொருளாதார நீதிக் குழு. டர்பன், ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன் முதலிய ஊர்களில் ஏழைப் பெண்கள் சாமான் வாங்கும் கடைகளுக்கே போய் 44 பொருள்களின் விலையைக் குறித்து வருகிறார்கள். சோளமாவு, அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பீன்ஸ், எண்ணெய், உருளைக்கிழங்கு, கோழி. 2025ல் அந்தக் கூடையின் விலை ஏறக்குறைய 5,300 முதல் 5,500 ராண்டுக்குள் ஏறி இறங்கியது. அப்போது குறைந்தபட்ச ஊதியக்காரரின் மாதச் சம்பளம் 5,067. சம்பளம் முழுவதையும் கடையில் கொட்டினாலும் கூடை நிறையாது, அதுவும் டாக்ஸிக்கும் மின்சாரத்துக்கும் ஒரு காசு கொடுக்காமல் இருந்தால். இபிடபிள்யூபியின் 2,786ஐ வைத்துக் கூடையில் பாதிதான் வாங்கலாம். குடும்பத்தில் இன்னொரு வருமானமோ பிள்ளைகளுக்கான அரசு உதவியோ இல்லையென்றால் மாதம் பத்தாம் தேதியே கடன்தான்.

20 ராண்ட் என்று நிர்ணயித்தபோதே இது வாழ்வூதியம் அல்ல என்று அரசுத் தரப்பும் ஒப்புக்கொண்டது. சாஃப்டு என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு அதை அடிமைக்கூலி என்று சொல்லி 2018 ஏப்ரலில் தெருவில் இறங்கியது. இன்னொரு பக்கம், அந்த 20ஐக்கூட வாங்காதவர்கள் அப்போது அறுபது லட்சம் பேர் இருந்தார்கள் என்பதும் உண்மை. தரை போட்டது நல்ல காரியம். தரையிலேயே காலம் முழுக்கப் படுத்துக் கிடக்க வேண்டும் என்பதல்ல.

பணம் எங்கிருந்து வரும்

உள்ளாட்சிக்கு வருமானம் சில வழிகளில்தான்: வீட்டு வரி, மின்சாரமும் தண்ணீரும் விற்ற காசு, குப்பைக் கட்டணம், பிறகு மத்திய அரசு பகிர்ந்து கொடுக்கும் பங்கு. ஒப்பந்தம் தேசிய அளவில், பணம் உள்ளூர் அளவில். பணமில்லாத உள்ளாட்சி, பேரப் பேச்சு மன்றத்திடம் விலக்குக் கேட்கலாம். பிரிட்டோரியாவை உள்ளடக்கிய ட்ஷ்வானே மெட்ரோ அப்படிக் கேட்டது, மன்றம் மறுத்தது. 2023ல் அது 5.4 சதவீத உயர்வைக் கொடுக்க முடியாது என்று நின்றபோது அங்கே வெடித்த வேலைநிறுத்தத்தில் வண்டிகள் எரிந்தன, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். சின்ன ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். தொழிலாளியிடம் பென்ஷனுக்குப் பிடித்த பணத்தையே நிதிக்குக் கட்டாத உள்ளாட்சிகள் நிதித்துறைக் கண்காணிப்பு ஆணையத்தின் பட்டியலில் இருக்கின்றன.

டர்பனைப் பொறுத்தவரை காசு இல்லை என்ற வாதத்தை நான் முழுசாக ஏற்கமாட்டேன். குழாயில் விடும் தண்ணீரில் பாதிக்கு மேல் காசாக மாறுவதில்லை. கசிவு, திருட்டு, மீட்டர் கோளாறு. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு அது இன்னும் மோசமானது. அந்தக் கசிவை அடைக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஆளைக் குறைத்து மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில் நஷ்டக் கணக்கு.

இன்னொன்று, பட்ஜெட் புத்தகத்தில் எது எந்தத் தலைப்பில் போகிறது என்பது. உள்ளாட்சியின் நடப்புச் செலவில் சம்பளம் 25 முதல் 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று தேசியக் கருவூலம் அளவு வைத்திருக்கிறது. கான்ட்ராக்டருக்குக் கொடுப்பது சம்பளத் தலைப்பில் வராது, ஒப்பந்தச் சேவை என்று வேறு தலைப்பு. அதற்கும் 2 முதல் 5 சதவீதம் என்று ஓர் அளவு உண்டு, ஆனால் அதைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி போடுவதில்லை. ஆகவே துப்புரவு வேலையை வெளியே தள்ளினால் சம்பளச் செலவு குறைந்ததாகக் காட்டலாம். தெரு அதே தெரு, காசும் பெரும்பாலும் அதே காசு, நடுவில் ஒருவருக்கு லாபம், பெருக்குகிறவருக்குப் பாதிச் சம்பளம். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்ததும் இதே காரணத்துக்குத்தான் என்பதால் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

மேல்மட்டத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். உயர் அதிகாரிகளின் சம்பள உச்சவரம்பை மத்திய அமைச்சர் அரசிதழில் வெளியிடுகிறார். மெட்ரோக்களின் நகர மேலாளர்கள் ஆண்டுக்கு 30 லட்சம் ராண்டுக்கு மேல் வாங்குகிறார்கள். மாதம் இரண்டரை லட்சம். அதே நிர்வாகத்தின் தெருவைப் பெருக்கும் இபிடபிள்யூபி ஆளின் 2025 கூலியைப் போல 90 மடங்கு. மேலாளர் சம்பளத்தைப் பாதியாக்கினால் எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், அவர் ஒருவர், இவர்கள் ஆயிரக்கணக்கில். ஆனால் காசில்லை என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று கேட்கலாம்.

இபிடபிள்யூபி விகிதத்தை உயர்த்தக் கூடாது என்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. கூலியை இரட்டிப்பாக்கினால் அதே பணத்தில் பாதிப் பேருக்குத்தான் வேலை கிடைக்கும். இருக்கிற பஞ்சத்தில் நாலு பேருக்குக் கஞ்சி ஊற்றுவதைவிட எட்டுப் பேருக்கு ஊற்றுவது மேல் என்பார்கள். வெள்ளத்துக்குப் பிறகு வாய்க்கால் அடைப்பை எடுக்க மூன்று மாதத்துக்கு ஆள் எடுத்தால் இந்த வாதம் சரி. வருஷம் முழுவதும், ஒவ்வொரு வாரமும், அதே வார்டில், பெர்மனென்ட் ஆள் செய்த அதே வேலையைச் செய்ய வைக்கும்போது அது நிவாரணம் இல்லை, மலிவு வேலையாள். ஏணி என்று சொன்ன பயிற்சி எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது. வேலை யாருக்கு என்பதை வார்டு அரசியல்வாதிகள் முடிவு செய்கிறார்கள் என்ற புகாரும் நெடுநாளாக உண்டு. பொதுப்பணித் துறை அமைச்சர் டீன் மெக்ஃபர்சன் திட்டத்தைச் சீர்திருத்தப் போவதாக அறிவித்ததற்கு அதுவும் ஒரு காரணம். தேர்வு முறை ஒழுங்கானால் நல்லதுதான். 55 சதவீதம் அதனால் தானாக மாறாது.

எல்லோரையும் நாளையே பெர்மனென்ட் ஆக்கு என்று சொல்ல நான் வரவில்லை. வழிகள் நடுவிலும் இருக்கின்றன. ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சி 2018 முதல் கான்ட்ராக்டர்களிடம் இருந்த காவலாளிகளை நேரடியாகத் தன் ஆட்களாக எடுத்தது. டெண்டரில் விலை குறைவு என்பதோடு கூலி எவ்வளவு என்பதையும் நிபந்தனையாக வைக்கலாம். இபிடபிள்யூபி விகிதத்தை விவசாயத்துக்குச் செய்தது போல இரண்டு மூன்று ஆண்டில் சமமாக்கலாம். அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், அந்த விகிதம் மற்ற விகிதங்களோடு சேர்ந்து வருஷா வருஷம் அறிவிக்கப்படுவதுதான்.

உள்ளாட்சி நிதிச் சட்டப்படி வரைவு பட்ஜெட்டை மார்ச் 31க்குள் நகரசபையில் வைக்க வேண்டும், பிறகு மக்கள் கருத்துக் கேட்க வேண்டும். சாட்ஸ்வொர்த்தின் ரேட்பேயர்ஸ் சங்கங்கள், அதாவது வீட்டு வரி கட்டுகிறவர்களின் சங்கங்கள், அந்தக் கூட்டங்களுக்குத் தவறாமல் போகின்றன, வரி ஏற்றத்தைப் பற்றிக் கேட்கின்றன. கூடவே கேட்க வேண்டியவை இரண்டு. ஒப்பந்தச் சேவைத் தலைப்பில் துப்புரவுக்கு எவ்வளவு போகிறது, அதில் கூலியாக எவ்வளவு தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேருகிறது? ஒரே வேலையில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருக்கும் இபிடபிள்யூபி ஆட்கள் எத்தனை பேர், எந்தெந்த வார்டில்?